கிடாவைக் கேட்டுக் கல்யாணம்

பிள்ளைப்பாக்கத்தில் இப்போது யாரும் சொந்தமாக யோசிப்பதில்லை. யோசிக்க ஒரு கிடா வந்திருக்கிறது.

கறுப்புக் கிடா. நெற்றியில் பட்டை, கழுத்தில் மாலை. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். உடம்பைச் சிலுப்பினால் சாமி சரி என்கிறது என்று அர்த்தம். சும்மா நின்றால் வேண்டாம் என்கிறது. வெட்டப்போகும் ஆட்டிடமே சம்மதம் வாங்குகிற பெருந்தன்மை நமக்குப் புதிதல்ல. கிடாவின் சொந்தக்காரர், ஐயனார் என்ற பெயருள்ள சாமியார், வெட்டுவதை விட்டுவிட்டு, கேட்பதை மட்டும் தொழிலாக்கிக்கொண்டார்.

மனை வாங்கலாமா, வேலை பெர்மனன்ட் ஆகுமா, ஓ.டி. கிடைக்குமா? கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு அப்படியே வரிசையில் நின்றார்கள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க மெஷின்மேல் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆட்டின்மேல் சந்தேகப்பட யாரும் சம்பளம் தரவில்லை போலும்.

முதல் தடவை கேட்டால் கிடா பெரும்பாலும் சிலுப்பாது. பரிகாரம் செய்துவிட்டுக் கேட்டால் தாராளமாகச் சிலுப்பும். பரிகாரம் என்றால் தங்கம். அது ஐயனாரின் விரல்களில் மோதிரமாக ஏறும்.

உள்ளூர் தணிகாசலம் போன வாரம் வந்து கேட்டார். மகன் தமிழ்வாணன், தன்னோடு வேலை பார்க்கும் கோவில்பட்டிப் பெண் சுகப்பிரியாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். கிடா அசையவில்லை. கல்யாணம் நின்றது. மகன் சாப்பாட்டைக் குறைத்தான், மனைவி கனகம் பேச்சைக் குறைத்தாள். இரண்டாவதுதான் தணிகாசலத்தைப் பயமுறுத்தியது. இன்று கனகத்தின் கம்மலைப் பரிகாரமாக எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தார். சுகப்பிரியாவும் வந்திருந்தாள்.

"கம்மல தட்டுல வையி," என்றார் ஐயனார். "கிடா இன்னா சொல்லுதுன்னு பாப்போம்."

சுகப்பிரியா முன்னால் வந்தாள். "சாமி, ஒண்ணு கேக்கேன். எங்க லைன்ல ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது சென்சார அப்படியே நம்பிர மாட்டோம். நல்லதுன்னு தெரிஞ்ச பீஸ் ஒண்ணு, கெட்டதுன்னு தெரிஞ்ச பீஸ் ஒண்ணு காட்டிப் பாப்போம். அதுமாதிரி, விடை தெரிஞ்ச கேள்வி ரெண்டு கிடாகிட்ட கேக்கட்டா?"

வரிசையே தலையாட்டியது. எல்லோரும் தினமும் செய்கிற வேலை. இங்கே மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

"தாராளமா கேளு," என்று ஐயனார் வேப்பங்கொத்தைத் தண்ணீரில் முக்கினார்.

"கிடா காதுலதான் சொல்லுவேன். சாட்சிக்கு அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பதில் சொல்லுறது கிடாதான? கேள்வி உங்களுக்கு எதுக்கு?"

ஐயனாருக்கு மறுக்க வழியில்லை. அவள் கிடாவின் காதில் முணுமுணுத்தாள். எதற்கும் 'சரி' என்றே வைப்போம் என்று ஐயனார் தெளித்தார். கிடா பிரமாதமாகச் சிலுப்பியது.

"இன்னா கேட்டா?" என்றார் தணிகாசலம்.

"நீ பொம்பளையான்னு கேட்டா," என்றாள் கனகம். "ஆமாவாம்."

வரிசை சிரித்தது. அடுத்த கேள்விக்கு ஐயனார் உஷாராகி வேறு மாதிரி தெளித்தார். கிடா அசையவில்லை.

"இந்த ஊரு பிள்ளைப்பாக்கமான்னு கேட்டா. இல்லியாம்," என்றாள் கனகம்.

"காதுல பேசுனா தெய்வக் குத்தம். சாமி கோச்சிக்கிச்சு," என்றார் ஐயனார்.

"அப்ப சத்தமாவே கேக்கேன்," என்று சுகப்பிரியா வேப்பங்கொத்தை வாங்கிக்கொண்டாள். "நானும் தமிழ்வாணனும் கட்டிக்கிடலாமா?"

முதுகில் தெளித்தாள். கிடா நின்றது. அதே கேள்வியைக் கேட்டுக் காதுக்குள் ஒரு சொட்டு விட்டாள். சிலுப்பியது. மறுபடி முதுகு, வேண்டாம். மறுபடி காது, சரி.

"முதுகுல முடி அடர்த்தி, நாலு சொட்டு அதுக்குத் தெரியாது. காதுக்குள்ள விழுந்தா உதறித்தான் ஆகணும். இது சம்மதம் இல்ல சாமி, கூச்சம்."

"தெய்வத்த சோதிக்கிறியா நீ?" என்று ஐயனார் எழுந்தார். கனகம் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் காதில் கவிழ்த்தாள். ஐயனார் உருத்திராட்சம் பறக்கத் தலையை உதறினார்.

"சாமியாரும் சம்மதம் சொல்லிட்டாரு," என்றது வரிசையில் ஒரு குரல்.

பரிகாரம் செய்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மோதிரங்கள் சுலபத்தில் கழலவில்லை. சோப்பு வாங்கிவர ஆள் ஓடியது.

தணிகாசலம் திகைத்து நின்றார். "அப்போ இனிமே யாரத்தான் கேக்குறது?"

கனகம் கம்மலைக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கட்டிக்கப்போற ரெண்டும் எதிர்லதான் நிக்குது. ஆட்ட ரெண்டு வாட்டி கேக்க வந்த. எம்புள்ளய ஒரு வாட்டி கேட்டியா?"

கேட்கவில்லைதான். அவருக்கு வெட்கமாகிவிட்டது. மகனைப் பார்த்து, "இன்னாடா சொல்ற?" என்றார். தமிழ்வாணன் தண்ணீர் தெளிக்காமலே தலையாட்டினான்.

கிடாவின்மேல் தப்பு இல்லை. காதில் தண்ணீர் பட்டது, உணர்ந்தது, உதறியது. உயிருள்ள ஒன்று செய்யவேண்டியதைத்தான் செய்தது. நம் காதில் எத்தனை காலமாக, எத்தனை பேர், என்னென்னவோ ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம் என்றைக்கு ஐயா உதறப்போகிறோம்?