ஒரு காது தரிசனம்

பக்தர்களில் பல வகை உண்டு. கண்ணை மூடிக் கும்பிடுகிறவர், கண்ணீர் விட்டுக் கும்பிடுகிறவர், ஒரு கண்ணை வாசலில் விட்ட செருப்பின் மேல் வைத்துக்கொண்டு மறு கண்ணால் கும்பிடுகிறவர். இவர்களை விட்டுவிடுவோம்; பாவம், எப்படியோ கும்பிடுகிறார்கள். நாம் பார்க்கப் போகிறவர் வேறு இனம். இவர் கோயிலுக்கு வந்தால் முதலில் தேடுவது சாமியை அல்ல, ஆளை. ஆள் கிடைத்துவிட்டால் சாமி கிடைத்த மாதிரி. இந்த இனத்துக்குப் பக்கவாசல் பக்தர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உங்களுக்குத் தெரியாதவர் ஒன்றும் இல்லை. சும்மா பேச்சுவாக்கில், நாளைக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

"யாரைப் பார்க்கப் போறீங்க?" என்பார்.

"பிள்ளையாரைத்தான்."

"அது சரிங்க. உள்ள யாரைப் பார்க்கப் போறீங்க?"

யாரையும் இல்லை, வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வரப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால், உங்களை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள். அநாதை ஆசிரமத்துக்கு நன்கொடை கொடுக்கிறவர்கூடக் குழந்தைகளை அவ்வளவு இரக்கத்தோடு பார்த்திருக்க மாட்டார்.

நம்முடைய பக்கவாசலார், தண்ணீர் மோட்டார் விற்கிற கடையொன்றில் மேலாளர். அவருடைய போனில் மனிதர்கள் பெயரே கிடையாது. ஆஸ்பத்திரி, ரயில், கேஸ், பள்ளிக்கூடம், சுடுகாடு என்று இடங்களாகத்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்குள்ளும் ஓர் ஆள். அந்த வரிசையில், ரயிலுக்கு ஒரு படி மேலே, 'பிள்ளையார்' என்றும் ஓர் எண் உண்டு. எடுத்துப் பேசுகிறவர் கோயிலில் விளக்கெண்ணெய் அளந்து கொடுக்கும் ஸ்டோர்காரர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டு மோட்டார் புகைந்துபோனபோது, உத்தரவாதம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தும், தேதியைப் பார்க்காத மாதிரி பார்த்துப் புது மோட்டார் மாற்றிக் கொடுத்தார் பக்கவாசலார். அன்றிலிருந்து அவருக்குக் கோயிலின் முன்வாசல் மறந்துபோயிற்று.

அந்தப் பக்கவழி எப்படி என்கிறீர்களா? செருப்பு வைக்கும் இடத்துக்குப் பின்னால் திரும்பி, சொட்டுகிற குழாயைத் தாண்டி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் டின்கள் அடுக்கிய அறைக்குள் ஒருக்களித்து நுழைந்து, மடக்கி வைத்த நாற்காலிகளில் முழங்காலை இடித்துக்கொண்டு, வாடிய மாலை குவித்த கூடையை மிதிக்காமல் தாண்டினால், ஒரு சின்னக் கதவு வரும். அதைத் திறந்தால் கருவறைக்கு வெகு பக்கம். ஐந்தே அடி. ஆனால் பக்கவாட்டில். நிலைக்கல் மறைத்தது போக, தூண் மறைத்தது போக, குருக்களின் முதுகு மறைத்தது போக, மிச்சம் கண்ணுக்குத் தெரிவது என்ன?

பிள்ளையாரின் வலது காது.

நல்ல பெரிய காது, மறுக்க முடியாது. ஆனாலும் காது.

ஒருமுறை ஊரிலிருந்து வந்த மச்சினனை இந்த வழியாகத்தான் பெருமையோடு கூட்டிப் போனார். மச்சினன் எட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், நுனிக்காலில் நின்று பார்த்தான்.

"அத்தான், சாமி எங்க?"

"அதோ தெரியுது பாரு, காது."

"மீதி?"

"மீதியெல்லாம் வரிசைல நிக்கிறவனுக்கு, மாப்ள. அவன் முப்பதடி தள்ளி நின்னு கத்தணும். நாம காதுக்கே வந்துட்டோம். மெதுவா சொன்னாப் போதும்."

மச்சினன் காதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த பக்தியில் ஒருநாள் காலை சிக்கல் வந்தது.

பக்கவாசலாரின் வீட்டுக்காரம்மாவுக்குக் கழுத்தோரம் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு முடிவு. இந்தப் பத்து நாளும் பக்கவாசலார் சாப்பிடும்போதும், கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போதும், போனில் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குள் நுழைய ஆள் இருந்தது. சீக்கிரம் பார்க்க ஆள் இருந்தது. கட்டி நல்ல கட்டியாக இருக்க யாரைப் பிடிப்பது? அதற்கு மட்டும் எண் இல்லை. அதனால் அதைப் பற்றி அவர் வீட்டில் பேசவும் இல்லை. மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கவும் இல்லை.

பத்தாம் நாள் காலை வீட்டுக்காரம்மாதான் வாயைத் திறந்தார்.

"என்னங்க, ரிப்போர்ட் வாங்கறதுக்கு முன்னாடி பிள்ளையாரைப் பார்த்துட்டுப் போயிடலாம்."

"அவ்வளவுதானே. இதோ, ஒரு போன் போட்டுடறேன்."

"போன் வேண்டாம். வரிசைல நின்னு போலாம்."

பக்கவாசலார் சட்டைக்குள் பாதிக் கையோடு நின்றுவிட்டார்.

"வரிசைலயா? நாமளா? கடைக்கு வர்ற கஸ்டமர் யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"சாமி கும்பிட வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க."

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பத்தரைக்குத் திரை போட்டுவிடுவார்கள். பிறகு பதினொன்றரைக்குத்தான் திறப்பார்கள். வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பொது வரிசையில் நாற்பது பேர் இருக்கலாம். கடைசியில், மடக்கிய பச்சைக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நிற்க விடுவாரா நம்மவர்? மனைவியின் முழங்கையைப் பிடித்துப் பக்கவாசலுக்குத் திருப்பிவிட்டுப் போனை எடுத்தார்.

பிள்ளையார் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

மறுபடி அழைத்தார். பிள்ளையார் வேறொரு அழைப்பில் இருந்தார். நான்காவது முறைதான் எடுத்தார்.

"சார், ரெண்டே நிமிஷம். கதவுகிட்ட நில்லுங்க, வந்துடறேன்."

ஆள் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் இந்த இரண்டு நிமிடத்தின் நீளம். ஒரு சான்றிதழுக்காக அலுவலக வராந்தாவில் ஒரு பகல் முழுக்க நின்றவனுக்கு, ஆறு மணி வரை நிற்க வேண்டும் என்று முதலிலேயே தெரியும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து நிற்பான். இவர்களுக்கு அந்தச் சுகம் கிடையாது. இரண்டு நிமிடம் என்று சொன்ன பிறகு எங்கே நகர்வது? நகர்ந்த நேரத்தில் ஆள் வந்துவிட்டால்? ஆள் கோபித்துக்கொண்டால்? சாமி கோபித்துக்கொண்டால் பரிகாரம் உண்டு. ஆள் கோபித்துக்கொண்டால் என்ன உண்டு?

மணி பத்து ஐந்து ஆயிற்று. பத்து பன்னிரண்டு ஆயிற்று. எண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. வீட்டுக்காரம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, அந்தப் பச்சைக் குடை வரிசையோட வால்ல நின்னுச்சு. இப்பப் படியேறிடுச்சு."

"ஏறட்டும். கதவு திறந்தா நாம நேரா கருவறைதான்."

"நேரா காதுதான்."

பக்கவாசலார் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் வீட்டுக்காரம்மா இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"காதுல விழுந்தாப் போதாதா? முகத்துகிட்டச் சொன்னா மட்டும் என்ன..."

"நான் சொல்றதுக்கு வரலங்க. பார்க்கறதுக்கு வந்திருக்கேன். இத்தனை வருஷமா ஒரு காதைப் பார்த்துட்டே வீட்டுக்கு வரேன். இன்னிக்காவது முகத்தைப் பார்க்கணும்." கைப்பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இதைப் பிடிங்க. நீங்க உங்க ஆளைப் பார்த்துட்டு வாங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் வரிசையில் நின்றுகொண்டார்.

கூடப் போயிருக்கலாம். கால் ஓர் அடி எடுத்தும் வைத்தது. ஆனால் ஆள் இரண்டு நிமிடம் என்று சொல்லியிருக்கிறாரே! மனைவியின் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மோட்டார் கடை மேலாளர் எண்ணெய் டின்களுக்குக் காவல் நின்றார்.

பத்து இருபத்தேழுக்குக் கதவு திறந்தது. ஸ்டோர்காரர் தலையை நீட்டினார்.

"வாங்க சார், வாங்க. மேடம் எங்க?"

"வரிசைல நிக்கிறாங்க."

ஸ்டோர்காரர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வீட்ல ஏதும் சண்டையா சார்?"

பக்கவாசலார் உள்ளே நுழைந்து, நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, தன்னுடைய வழக்கமான இடத்தில் போய் நின்றார். மணி அடித்தது. குருக்கள் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். அந்த வெளிச்சத்தில் காது தெரிந்ததா என்றால், அவர் பார்க்கவில்லை. இரண்டு தூணுக்கு நடுவே, எதிரே, பொது வரிசையின் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த வீட்டுக்காரம்மாவின் முகம் தெரிந்தது. உதடு அசையவில்லை. கை குவிக்கவும் மறந்திருந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் நிற்க. பத்து நாளாக அந்த முகத்தில் என்ன இருந்தது என்பதைப் பக்கவாசலார் அப்போதுதான் பார்த்தார்.

திரை விழுந்தது.

ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தின் முன்னால் வரிசையாக இரும்பு நாற்காலிகள். உள்ளே நுழைந்ததுமே நம்மவரின் கை தானாகப் போனுக்குப் போனது.

"இரு, இங்க லிஃப்ட்ல நம்ம ஆள் ஒருத்தர்..."

"டோக்கன் எடுத்துட்டேன். நாப்பத்தொண்ணு. உக்காருங்க."

உட்கார்ந்தார். சுவரில் முப்பத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. கைப்பை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. முப்பத்தேழு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"பிள்ளையார்கிட்ட என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. கேக்கணும்னுதான் போனேன். முகத்தைப் பார்த்ததும் மறந்து போச்சு. சிரிக்கிற மாதிரி இருந்துச்சு."

"சிரிக்குமா?"

"நீங்கதான் பார்த்ததில்லையே."

முப்பத்தெட்டு. பக்கவாசலார் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். நாற்பதாவது எண் வந்தபோது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தொன்று வந்தபோது வீட்டுக்காரம்மாதான் அவரைக் கையைப் பிடித்து எழுப்பினார்.

"சாதாரணக் கட்டிதாம்மா," என்றார் டாக்டர், தாளைப் புரட்டிக்கொண்டே. "பயப்பட ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒருதடவை வந்து காட்டுங்க."

பக்கவாசலார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க, சரிங்க" என்று ஏழெட்டு முறை சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் மாறிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நாமும் அப்படித்தான் நினைத்தோம். அறைக்கு வெளியே நான்கு அடி வைத்திருப்பார். போன் காதுக்கு ஏறிவிட்டது.

"மாப்ள, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. முடியாம? காலையிலயே பிள்ளையார் கோயில்ல ஆளை வெச்சு ஏற்பாடு பண்ணிட்டேன்ல!"

வீட்டுக்காரம்மா கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்தபடி முன்னால் நடந்தார்.

ஆனால் மறுவாரம் ஒன்று நடந்தது. கடைக்குப் போகிற வழியில், யாரிடமும் சொல்லாமல், பக்கவாசலார் கோயில் முன்வாசலில் இறங்கிப் பொது வரிசையில் நின்றார். கஸ்டமர் யாரும் பார்த்துவிடாமல் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நின்றார். இருபத்தைந்து நிமிடம். கம்பிக்கு முன்னால் வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். தும்பிக்கை. இரண்டு சின்னக் கண். பழக்கப்பட்ட வலது காது. அந்தப் பக்கம், ஆமாம், இன்னொரு காதும் இருந்தது. பின்னால் நின்றவர் இடிக்கும் வரை அவருக்குக் கை குவிக்கத் தோன்றவில்லை. முகம் சிரிக்கத்தான் செய்தது.

அதோடு நின்றிருந்தால் அவர் நம் கட்டுரைக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். வெளியே வந்தவர், உள்ளே போகக் காத்திருந்த ஒருவர் தோளைத் தட்டினார்.

"சார், இடது பக்கக் கம்பியை ஒட்டியே போங்க. வலது பக்கம் தூண் மறைக்கும். எப்ப வந்தா கூட்டம் கம்மின்னு என்கிட்டக் கேளுங்க, நமக்கு ஆள் இருக்கு."

அன்று சாயங்காலம் போனில் ஒரு புது எண் ஏறியது. வரிசையை ஒழுங்கு செய்கிற காவலாளியின் எண். பிள்ளையாருக்கு ஒரு படி மேலே. பெயர்: 'வரிசை'.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அந்த இனம் இல்லை, தெரியும். தலைப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பத்தியாக நின்று, நகர்ந்து, பொறுமையாக இங்கே வந்து சேர்ந்தவர் நீங்கள். உங்களுக்கு வணக்கம். ஆனால், கட்டி என்ன ஆயிற்று, எழுதினவன் கடைசியில் என்ன சொல்கிறான் பார்க்கலாம் என்று நடுவில் இருக்கிற நாற்பது பேரைத் தாண்டி நேரே இந்தப் பத்திக்கு வந்து நிற்கிறவர் யாராவது இருந்தால், வாருங்கள் ஐயா, ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிவது காதுதான்.