இருபத்து மூன்றாம் கம்பத்தில் ஓட்டை இல்லை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இந்தக் கதையில் அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் சிங்கத்தைச் சொல்லாமல் காட்டுக் கதையை ஆரம்பித்தால் சிலருக்குக் கோபம் வருகிறது; அதனால் சொல்லிவைத்தேன். அந்தச் சிங்கத்தின் குகையில் ஒரு ஃபேன் இருந்தது. நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஃபேனைத்தான்.

ஃபேன் ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும், கம்பியைத் தாங்கக் கம்பம் வேண்டும். முதலில் காட்டோரம் வெட்டிய சவுக்கு மரங்களை அப்படியே நட்டுப் பார்த்தார்கள். கரையான் அஞ்சலையும் அவளுடைய இரண்டு லட்சம் பேர் கொண்ட குடும்பமும் மாதத்துக்கு இரண்டு கம்பம் வீதம் சாப்பிட்டு முடித்தார்கள். அவளைக் குறை சொல்ல முடியாது. பட்டையை உரித்து, காயவைத்து, மண்ணில் ஊன்றிக் கொடுத்தால் அவள் ஊரில் அதற்குப் பந்தி என்று பெயர்.

அதனால் அடுத்த முறை மருந்துக் கம்பம் வரவழைத்தார்கள். யானைகள் நடத்தும் பட்டறையிலிருந்து வந்தது. மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவை இறுக்கி, தார் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். வெளியே வரும்போது கம்பம் கன்னங்கரேலென்று இருக்கும். நாற்றம் குடலைப் புரட்டும். நாற்பது கம்பங்களை இறக்கிய யானை, புறப்படும் முன் உதவிப் பொறியாளர் காட்டெருமை கோதண்டத்திடம் வந்தது.

"சார், மருந்து வெளிப்பக்கம் மூணு விரல் ஆழம்தான் இறங்கியிருக்கும். அதுக்குள்ள வெறும் மரம். நட்டதுக்கப்புறம் யாரையும் துளை போட விடாதீங்க. போட்டா கரையானுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிரும்."

"வாயால சொன்னா எப்படிய்யா? எழுதிக் கொடு."

யானை எழுதிக் கொடுத்தது. கோதண்டம் அந்தத் தாளை ஆபீஸ் மர அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டினார். கம்பத்துக்கு மருந்து ஏற்றியிருந்தார்கள். அலமாரிக்கு ஏற்றவில்லை. ஒரே வாரத்தில் அஞ்சலையின் குடும்பம் தாளையும் அலமாரியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. பூட்டு மட்டும் மிஞ்சியது. அதைக் கோதண்டம் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அஞ்சலை வீட்டில் பஞ்சம். மருந்துக் கம்பத்தை ஒரு கடி கடித்துப் பார்த்த அவள் மாமனார் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அஞ்சலை மனு கொடுத்தாள். "எங்கள் வயிற்றில் அடித்துவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தாள். கோதண்டம் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ரசீதைச் சாப்பிட்டுவிட்டாள்.

நான்கு வருடம் ஒரு கம்பமும் விழவில்லை. ஃபேன் ஓடியது. முயல்கள் செல்போன் சார்ஜ் போட்டன. இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஒரு காரியம் நன்றாக நடந்துகொண்டிருந்தால் தலைமை அலுவலகத்துக்கு வயிற்றைக் கலக்கும். அங்கிருந்து கடிதம் வந்தது: "நான்கு ஆண்டுகளாகக் கம்பங்கள் விழவில்லை என்று தெரிகிறது. விழவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? உடனே ஆய்வு செய்து, இணைப்புப் படிவத்தில் அனுப்பவும்."

அப்படித்தான் மரங்கொத்தி பரஞ்சோதி கம்ப ஆய்வாளர் ஆனார். சிவப்புக் கொண்டை, நறுக்கென்ற பேச்சு, நேர்மையான பிறவி. மூக்கால் ஒரே ஒரு தட்டு தட்டுவார். "டங்" என்று கேட்டால் உள்ளே கெட்டி. "தொப்" என்று கேட்டால் உள்ளே கோவிந்தா. அவர் காது ஒருநாளும் தப்பியதில்லை.

ஆனால் படிவத்தில் டங்குக்கும் தொப்புக்கும் இடமில்லை. ஒரே கேள்விதான் இருந்தது: "கம்பத்தின் உட்புறம் கண்ணால் பார்க்கப்பட்டதா? ஆம் / இல்லை."

"வெளியிலேருந்து தட்டினாலே தெரியும் சார்," என்றார் பரஞ்சோதி.

"உனக்குத் தெரியும்யா. படிவத்துக்குத் தெரியணுமே," என்றார் கோதண்டம்.

நேர்மையான ஆள் அல்லவா? பார்க்காமல் 'ஆம்' போட மனசு வரவில்லை. இடுப்பு உயரத்தில் நான்கு விரல் ஆழத்துக்கு ஓர் ஓட்டை போட்டார். உள்ளே பார்த்தார். 'ஆம்' என்று எழுதினார். ஓட்டைக்குக் கீழே அழகாகத் தேதி பொறித்தார். அடுத்த வருடம் பக்கத்தில் இன்னோர் ஓட்டை, இன்னொரு தேதி. பார்த்ததில் என்ன தெரிந்தது என்று படிவம் கேட்கவில்லை. பழைய ஓட்டையை எட்டிப் பார்க்கவும் விதி இல்லை. தட்டிக் கேட்கும் பழக்கத்தை இரண்டாம் வருடமே விட்டுவிட்டார். வருடம் போகப் போக ஓட்டை சுலபமாக விழுந்தது. அனுபவம் ஏற ஏற மூக்குக்கு வலு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு கம்பத்தில் மட்டும் அவர் மூக்கு வைக்கவில்லை. இருபத்து மூன்றாம் கம்பம் சிறுத்தையின் குகை வாசலில் நின்றது. முதல் வருடம் அங்கே போய் வால் இறகில் இரண்டைக் கொடுத்துவிட்டுத் தப்பி வந்தவர், அதோடு சரி. படிவத்தில் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டார். ஐந்து வருடமும் அதையே எழுதினார். குகைக்குக் கதவே கிடையாது என்பதைக் கோதண்டம் கவனிக்கவில்லை. பரஞ்சோதியின் நேர்மையில் இருந்த ஒரே ஓட்டை அதுதான்.

இப்போது லைன்மேன் சடையப்பனைப் பார்ப்போம். கருமந்தி. கம்பம் ஏறுவது வேலை. சவுக்குக் கம்ப காலத்தில் அவருடைய மச்சான் கம்பத்தோடு விழுந்து வாலை இழந்தான். இன்றைக்கும் கிளையில் உட்கார இன்னொருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதிலிருந்து சடையப்பன் எந்தக் கம்பமானாலும் உள்ளங்கையால் தட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

ஒருநாள் பதினேழாம் கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்தது. சிங்கத்தின் ஃபேன் நின்றது. சடையப்பன் கயிறோடு போனார். கம்பம் ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது, கீழே பாறை. தட்டினார். காது வைத்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"சார், பதினேழு சரியில்ல. 'தொப்'புனு கேக்குது. நான் ஏறல."

கோதண்டம் படிவங்களைத் தூக்கிக் காட்டினார். "என்னய்யா உளர்ற? அஞ்சு வருஷம், அஞ்சு 'ஆம்'. இந்தக் காட்டுல இதைவிடப் பத்திரமான கம்பம் கிடையாது."

"ஒருதடவை நீங்க காது வெச்சுக் கேளுங்க சார்."

"என் காதை எந்தக் கட்டத்துலய்யா எழுதறது? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே வந்து நிப்பேன். நீ ஏறுற. இல்லன்னா வேலையை விட்டுட்டு மரத்துல போய்த் தொங்கு."

சடையப்பன் பரஞ்சோதியிடம் ஓடினார். "சார், உங்க கையெழுத்தை நம்பித்தான் என்னை ஏறச் சொல்றாங்க. வந்து ஒரே ஒரு தட்டு தட்டுங்க. 'டங்'குனு கேட்டா நான் வாயைத் திறக்காம ஏறிடறேன்."

பரஞ்சோதி வந்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தட்டினார்.

தொப்.

முதல் வருடம் போட்ட ஓட்டைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அஞ்சலை. தரையிலிருந்து ஓட்டை வரை விரல் பருமனுக்கு மண்பாதை ஒன்று ஏறியிருந்ததை அப்போதுதான் பரஞ்சோதி பார்த்தார்.

"அடடே, ஐயாவா! வாங்க, வாங்க. நாலு வருஷம் கொலைப் பட்டினிங்க. நீங்கதான் மருந்தெல்லாம் குடைஞ்சு எடுத்து வாசல் வெச்சுக் கொடுத்தீங்க. எம் பேரனுக்கு உங்க பேருதான் வெச்சிருக்கேன்."

"எத்தனை கம்பத்துல இருக்கீங்க?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"நீங்க வாசல் வெச்சதுல எல்லாம்தான். முப்பத்தொன்பது. சிறுத்தை வீட்டுக்கிட்ட இருக்கறதுல மட்டும் நீங்க வெக்கலியே."

பரஞ்சோதி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கம்பத்தையும் கெட்டுப்போக விடக் கூடாது என்று ஐந்து வருடம் உழைத்தவர் அவர். வெட்கமாக இருந்தது. அதைவிட, பக்கத்தில் கயிறோடு நின்ற சடையப்பனின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

எழுந்து ஆபீசுக்குப் பறந்தார். "சார், நான் போட்ட ஓட்டைதான் கம்பத்தைக் கெடுத்துருச்சு. முப்பத்தொன்பதும் உள்ள காலி. பதினேழுல ஏறினா சடையப்பன் செத்துருவான்."

"உள்ளே பார்த்தியா?"

"பார்த்தேன் சார்!"

"அப்ப 'ஆம்'தானே? அப்புறம் என்ன?" என்றார் கோதண்டம்.

இப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது? நானாக இருந்தால் மேஜைமேல் இருந்த பூட்டை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். பரஞ்சோதி போடவில்லை. புதிதாக ஒரு படிவத்தை எடுத்து, இருபத்து மூன்றாம் கம்பம் என்று தலைப்பிட்டு, 'இல்லை' என்று எழுதினார். கீழே சேர்த்தார்: "ஐந்து ஆண்டுகளாக இந்தக் கம்பத்தின் உட்புறம் பார்க்கப்படவே இல்லை. வீடு பூட்டியிருந்தது என்று நான் எழுதியது பொய்."

படித்ததும் கோதண்டம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஐயையோ! பார்க்காத கம்பமா? என் லைன்லயா? விதி என்ன சொல்லுது தெரியுமா? பார்க்காத கம்பம் ஒண்ணு இருந்தா, முதல்ல அதுலேருந்து கம்பியைக் கழட்டணும். அதுவரைக்கும் வேற கம்பத்துல கை வெக்கக் கூடாது. சடையப்பா! நாளைக்கு நீ ஏற வேண்டியது இருபத்து மூணு! பரஞ்சோதி, உனக்கு மெமோ!"

"கம்பத்துலேருந்து காப்பாத்தி, சிறுத்தை வாயில தள்ளிவிட்டீங்களே சார்?" என்றார் சடையப்பன், வெளியே வந்ததும்.

"அந்தத் தார் நாத்தம் அதுக்கு ஆகாது. கம்பம் நட்டதுலேருந்து மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ளயே படுத்திருக்கு. கம்பத்துல நகம் வெக்காது. நீ ஓடிப்போய்த் தொத்திக்கிட்டா போதும்."

மறுநாள் காலை மின்சாரத்தை நிறுத்தினார்கள். சடையப்பன் ஒரே ஓட்டம் ஓடி, இருபத்து மூன்றைத் தொற்றினார். அவசரத்திலும் ஒரு தட்டு தட்டினார். கோயில் மணியாக "டங்" என்றது. சரசரவென்று உச்சிக்குப் போய் உட்கார்ந்தார். சிறுத்தை வெளியே வந்து, மேலே பார்த்து, கம்பத்தை மோந்து, இரண்டு தும்மல் போட்டுவிட்டு உள்ளே போனது.

கோதண்டம் மேற்பார்வைக்கு வந்திருந்தார். சிறுத்தை வீட்டுப் பக்கம் போகவில்லை. அதற்கெல்லாம் விதி இல்லை. காட்டிலேயே பத்திரமான பதினேழாம் கம்பத்தடியில் நின்று மேற்பார்த்தார். நின்ற இடத்தில் முதுகு அரித்தது. எருமை ஜாதி, அரித்தால் கம்பத்தில்தான் தேய்க்கும். சாய்ந்து ஒரு தேய்ப்பு தேய்த்தார்.

பதினேழு ஒடிந்து பள்ளத்தில் போய் விழுந்தது. கம்பி இழுத்த இழுப்பில் பதினாறும் பதினெட்டும் சாய்ந்தன. அப்புறம் பதினைந்து, பத்தொன்பது. இருபத்திரண்டு விழுந்து இழுத்தபோது இருபத்து மூன்று ஓர் உதறு உதறியது, கம்பி அறுந்தது, கம்பம் அசையவில்லை. அந்த உதறலே போதும், மறுபக்கம் இருபத்து நான்கிலிருந்து நாற்பது வரை படுத்துக்கொண்டன. புழுதி அடங்கியபோது காட்டில் ஒரே ஒரு கம்பம் நின்றது. அதன் உச்சியில் சடையப்பன், வாலும் கையும் காலும் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கண்ணைத் திறந்ததும் வாலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அழுதார்.

விசாரணைக் குழு வந்தது. அஞ்சலை தானாகவே வந்து சாட்சி சொன்னாள். "தின்னது நாங்கதான். ஆனா கதவு வெச்சது நாங்க இல்லை." சாட்சிக்குச் சம்பவத்தில் ஆதாயம் இருப்பதால் சாட்சி ஏற்கப்படவில்லை. ஏழு நாள் கழித்து அறிக்கை வந்தது. முறையாக ஆய்வு செய்யப்பட்ட முப்பத்தொன்பது கம்பங்களும் விழுந்திருக்கும்போது, ஆய்வு செய்யப்படாத ஒன்று மட்டும் நிற்பது சந்தேகத்துக்குரியது. மற்ற கம்பங்களோடு ஒத்துழைக்காமல் அது நின்றதால்தான் கம்பி அறுந்தது. அதன் உச்சியில் இருந்த லைன்மேனுக்கும் மெமோ. எல்லாப் படிவத்தையும் குறையில்லாமல் வைத்திருந்த கோதண்டத்துக்குச் செயற்பொறியாளர் பதவி.

பதவி ஏற்றதும் கோதண்டம் யானைப் பட்டறைக்கு எழுதி முப்பத்தொன்பது புதுக் கம்பம் வரவழைத்தார். யானை மறுபடியும் எச்சரிக்கைத் தாள் கொடுத்தது. இந்த முறை அதை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். 'துளை போடக் கூடாது' என்ற இடத்தில் கண்கலங்கக்கூடச் செய்தார்.

"இந்தத் தாளைப் போன தடவை அலமாரியில வெச்சு ஏமாந்தோம்," என்றார். "இந்தக் காட்டுல கரையான் தின்னாத பொருள் ஒண்ணே ஒண்ணுதான், மருந்துக் கம்பம். அதனால ஒவ்வொரு கம்பத்துக்குள்ளயும் இந்தத் தாள்ல ஒரு நகலைப் பத்திரமா வெச்சுரணும். பரஞ்சோதி, நாலு விரல் ஆழத்துக்கு ஓட்டை போடுய்யா."

கூட்டத்தின் பின்வரிசையில் அஞ்சலை கைதட்டினாள். அவள் பேரன் சின்னப் பரஞ்சோதி விசிலடித்தான்.

பரஞ்சோதி சடையப்பனைப் பார்த்தார். சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேர் கையிலும் மெமோ இருந்தது. பரஞ்சோதி போய் முப்பத்தொன்பது ஓட்டை போட்டு, முப்பத்தொன்பது தாளை வைத்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்.

"இருபத்து மூணு என்ன ஆச்சு?" என்று கேட்டார் கோதண்டம்.

"வீடு பூட்டியிருந்துச்சு சார்," என்றார் பரஞ்சோதி.

சடையப்பன் மச்சானையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பத்தின் உச்சிக்கே குடிபோய்விட்டார்.

நீதி: காலம் முழுக்க நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் சிறுத்தை வீட்டு வாசலில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளவும்.