எதிர்த்தவர் ஒருவர்

சிங்காநல்லூரில் இருக்கும் நீர்மதி டெக்னாலஜிஸ், போனில் பட்டனை அமுக்கினால் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடும்படி ஒரு பெட்டி செய்து விற்றது. மோட்டாரும் ஓடியது, கம்பெனியும் லாபத்தில் ஓடியது. இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, பெட்டியை நிறுத்திவிட்டு, பெங்களூரு ஏஐ கம்பெனி ஒன்றோடு இணைந்துவிட நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

பங்குதாரர்கள் கொதித்துப்போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் அறுநூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். முதலில் எழுந்தவர் கிணத்துக்கடவு ராமாமணி. அவரிடம் இருநூறு பங்குகள். அவருடைய முந்நூறு தென்னைக்குத் தண்ணீர் விடுவதும் அந்தப் பெட்டிதான்.

“ஏனுங்க, அந்தக் கம்பெனி என்னதான் செய்யுதுங்க?”

எம்.டி. சென்னகிருஷ்ணன் தாளைப் பார்த்துப் படித்தார். “தற்சமயம் தொலைநோக்குப் பார்வை தயாரிக்கிறாங்கம்மா.”

“கரண்ட் வந்தா அது மோட்டாரைப் போடுமுங்களா?”

“போடாதுங்க. கரண்ட் ஏன் வரலைன்னு ஆழமா சிந்திக்கும்.”

உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இல்யாஸ் எழுந்தார். “இந்தப் பெட்டியை ஊரூராப் போய் மாட்டிவிட்டவன் நானுங்க. உங்களுக்கு ஒரு ஓட்டு விழுகாதுங்க.”

மண்டபமே கைதட்டியது.

போனில் ரகசிய ஓட்டு, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒன்று, அரை மணி நேரம் அவகாசம். அதற்குள் இணைப்புச் செய்தி பரவி, பங்குச் சந்தையில் நீர்மதியின் விலை நூற்றிருபதிலிருந்து நூற்று நாற்பதுக்கு ஏறிவிட்டது. எல்லாத் தலையும் போனுக்குள் கவிழ்ந்தது. இத்தனை பேர் எதிர்க்கும்போது தன் ஒரு ஓட்டால் இணைப்பு நடந்துவிடாது, ஏறிய விலையை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்த ராமாமணி, ‘ஆதரவு’ என்பதை அமுக்கினார்.

ஓட்டு எண்ணிய பிரத்யுஷா மைக்கில் வாசித்தாள். “ஆதரவு அறுநூற்றுப் பதினொன்று. எதிர்ப்பு ஒன்று.”

கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு முன்வரிசைக்காரர் ஒருவர், “அந்த ஒண்ணு நாந்தானுங்க” என்றார். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அந்த ஒருவர் நூறு பேராகிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் இல்யாஸ் வருத்தத்தோடு சொன்னார். “எல்லாரும் ஏமாத்திப்போட்டாங்கக்கா. நான் ஒருத்தன்தான் எதிர்த்துப் போட்டேன்.”

“நானுந்தானுங்க தம்பி” என்றார் ராமாமணி.

ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியவர் சென்னகிருஷ்ணன். இருவர் பேச்சும் அவர் காதில் விழுந்திருந்தது.

“மன்னிச்சுக்கோங்க, அது நான் போட்ட ஓட்டுங்க” என்றார் தாழ்ந்த குரலில். “அந்தக் கம்பெனியை நேர்ல போய்ப் பாத்தவன் நான் ஒருத்தன்தானுங்களே.”