கடைசிப் பந்தியில் இருக்கும் விஷயம்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்புள்ள சகலன் பாக்கியரத்தினத்துக்கு,

கட்டார் வெயிலில் உங்கள் உடம்பு தளராதிருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு எழுதுகிறேன். இங்கே நானும் என் மனைவி யோகம்மாவும் சுகம். உங்கள் மனைவி கமலாதேவியும் உடம்பால் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

பாலையூற்று முன்பள்ளியில் அவவை நிரந்தர ஆசிரியையாக்க, சாதாரண தரப் பரீட்சையில் தமிழ்ப் பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வருடம் தவறினால் இடம் வேறு ஆளுக்கு. முந்தி இரண்டு தடவையும், வாசித்து விடை எழுதும் கிரகித்தல் பகுதியில்தான் வழுக்கினா. பத்திரிகைக்குத் துறைமுகச் செய்திகளை ஆயுள் முழுக்க எழுதிய நான் பக்கத்தில் இருக்க, மச்சாள் ஒரு பந்தியை வாசித்து விளங்கமுடியாமல் நிற்பதா என்று நானே படிப்பிக்கப் பொறுப்பெடுத்தேன்.

முதற்பாடம், தலைப்பைப் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிப்பது. தலைப்பு 'கலங்கரை விளக்கம்'. சரியாகத்தான் ஊகித்தா. ஆனால் உரத்து வாசிக்கும்போது ஒரு சொல் தடுக்க, நான் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையால் மேசையில் தட்டினேன். அடுத்த வசனத்துக்கும் தட்டினேன். குரல் இறங்கி இறங்கி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த பாடம், யார், என்ன, எங்கே, ஏன் என்று பந்தியைக் கேள்வி கேட்பது. அவ பந்தியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தா. கூத்து என்னவென்றால், அதே பந்தியைக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு யோகம்மாவுக்குக் கதையாகச் சொல்லுறா. ஒண்டும் விடுபடேல்லை. விளக்குக் காவலாளி ஏன் ஒருநாளும் லீவு எடுக்கேல்லை எண்டு கேள்வியும் கேக்கிறா.

"அந்தப் பேனையை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. அவள் பாஸ் பண்ணுவாள்" எண்டு யோகம்மா சொன்னா. இப்ப பேனை அலுமாரிக்குள்ள. திறப்பு யோகம்மாவிட்ட.

நான் விழுந்தது மூன்றாவது பாடத்தில். செய்தியில் முக்கியமானதெல்லாம் மேலே இருக்கும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் கீழே இருந்து வெட்டுவார். ஆகவே கடைசிப் பந்தியில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். மாதிரிப் பரீட்சையில் பாதிக் கேள்விக்கு விடை கடைசிப் பந்தியில் இருந்தது. அவ அதையெல்லாம் வெறுமையாக விட்டிருந்தா. கேட்டால், "நீங்கள்தானே அத்தான் தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்" எண்டா. படிப்பித்தவர் பேச்சை மாற்றினால் மாணவியின் தன்னம்பிக்கை ஆடிப்போகும் என்று நான் இன்னும் மாற்றவில்லை. நேற்று "எனக்கு இனி ஏலாது அத்தான்" எண்டு கொப்பியை மூடிப்போட்டா. ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை அவவைச் சோதனைக்கு விடவேண்டாம். அடுத்த வருடம் எப்படியும் சித்தியடைய வைப்பேன். அதுவரை இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லி முன்பள்ளிக்கு நானே எழுதுகிறேன். நீங்கள் மறித்ததாக இருக்கட்டும். நான் மறித்தால் மனம் உடைந்துபோவா. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவவிடமே கொடுத்து, கட்டாருக்கு வருகிற அயல்வீட்டு றுமைஸிடம் சேர்க்கச் சொல்கிறேன். அவ வாசித்தாலும் பயமில்லை. இது கடைசிப் பந்தி.

வேலையிடத்தில் அவதானம். நீங்கள் நல்லபடி ஊர் வந்துசேர எங்கள் இருவரின் ஆசியும் கூட இருக்கும்.

இப்படிக்கு,
சிவபாதம்

பி.கு.: இஞ்சருங்கோ, இது கமலா எழுதுறன். கடிதத்தை முழுக்க வாசிச்சனான். யார்: அத்தான். என்ன: பயம். எங்கே: கடைசிப் பந்தியில். ஏன்: நான் பெயிலானால் தான் பெயிலானமாதிரி எண்டு. மாதிரிப் பரீட்சை முடிஞ்ச அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது; அதுக்குப் பிறகு எதையும் அடியில இருந்துதான் வாசிக்கத் தொடங்குறன். ஏலாது எண்டு சொன்னது சோதனையை இல்லை, அத்தானிட்டப் படிக்கிறதை. அனுமதி அட்டை வந்திட்டுது. நீங்கள் மறிச்சாலும் இந்த முறையே எழுதுவன். இதையெல்லாம் அத்தானுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. மனிசனுக்குத் தன்னம்பிக்கை குறைஞ்சுபோகும்.