இருநூறு தேய்ப்பு

பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டிய தாளில் ஒன்பது பேர்தான் போட்டிருந்தார்கள். பத்தாவது ஆளான மாடி வீட்டுக்காரி காலையில் கண்கட்டியோடு எழுந்து, "இன்னிக்கு என் கண்ணுகிட்ட யாரும் வரக்கூடாது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாலு மணிக்கு வருகிறார். கறாரான மனிதர். "பத்துப் பேர் போட்டுப் பார்த்து, பத்துப் பேரும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுக்கட்டும், என் கடையில வைக்கிறேன். ஒன்பதுன்னா வேண்டாம்மா. கண்ணு விஷயம் பாருங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கடையில் வைக்க வேண்டிய சரக்கு சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருந்தது. கற்றாழைச் சாறு, வெள்ளரிச் சாறு, பாதாம் எண்ணெய் எல்லாம் பக்குவமாகச் சேர்த்து, கண்ணில் தீட்டிய மையை எரிச்சல் இல்லாமல் துடைத்தெடுக்க இந்த வீட்டுக்காரரின் மனைவி கண்டுபிடித்த மூலிகைத் திரவம். முதல் ஆறு மாதம் அவள் காய்ச்சியதெல்லாம் கண்ணை எரித்தது. ஏழாவது மாதம்தான் கைகூடியது. வீட்டில் எல்லோரும் அதை 'கஷாயம்' என்று கிண்டல் செய்தபோது அவளும் கூடவே சிரித்தாள். ஆனால் தன் சீசா ஒரு கடை அலமாரியில் நிற்பதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது சிரிப்பில்லை.

"இனிமே யாரைப் போய்க் கூப்பிடறது? ஞாயித்துக்கிழமை அதுவுமா எவ வந்து கண்ணைக் காட்டுவா?" கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே தேய்ந்தாள்.

"எதுக்கு இப்படி அலையற? நான் இருக்கேன்ல?" என்றார் கணவர், செய்தித்தாளை மடித்து வைத்து.

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

அவர் பெயின்ட் கம்பெனியில் தரப் பரிசோதகர். பெயின்ட் அடித்த பலகையைப் பிரஷ்ஷால் இருநூறு தடவை தேய்த்து, நிறம் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது பதினெட்டு வருட உத்தியோகம். அவர் வேண்டாம் என்றால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் டின் வெளியே போகாது. அந்தக் கையெழுத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, சிலருக்குத் தங்கள் குலதெய்வத்தின் மேல்கூட இருக்காது.

"சுவத்துல அடிக்கிற பெயின்டையே சோதிச்சவன். சுண்டுவிரல் அளவு மை என்னைத் தாண்டிடுமா?" என்றார்.

கல்லூரியில் படிக்கும் மகள், தன் மைக்குச்சியையும் மஸ்காராவையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இப்படியொரு சந்தர்ப்பம் அவளுக்கு இனி எந்த ஜென்மத்தில் வாய்க்கும்?

"தண்ணில கரையாத மை வேணும். லேசான மையில சோதனை பண்ணா அது சோதனையே இல்ல" என்றார் பரிசோதகர். "ரெண்டு கோட்டிங் அடி. நடுவுல பத்து நிமிஷம் காயணும்."

"அப்பா, இது கண்ணு. கேட் இல்ல."

"சொன்னதைச் செய்."

முதலில் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். 'சோதனை அறிக்கை' என்று தலைப்பு எழுதி, கீழே 'தளத்தின் நிலை: சுத்தம்' என்று நிரப்பினார். கம்பெனியில் பலகைகள் ஸ்டோரிலிருந்தே துடைத்து வரும். அந்த வரியை நிரப்ப அவர் பலகையைப் பார்த்ததே கிடையாது. கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பட்டையான கறுப்புச் சட்டம். காலையில் எழுந்த கையோடு ஏறினால், விளக்கை அணைத்த பிறகுதான் இறங்கும்.

"ஐயோ, யாரோ மாதிரி இருக்கீங்கப்பா!" என்று சிரித்தபடி மகள் கண்ணின் மேலும் கீழும் மையை இழுத்தாள். இமை முடிக்கு மஸ்காரா பூசினாள். இரண்டு கோட்டிங்கும் காய்ந்து முடிந்தபோது, மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"சிரிச்சது போதும். கொண்டா உன் கஷாயத்தை."

பஞ்சை நனைத்து, மூடிய இமைமேல் வைத்து, முப்பது எண்ணி, மெல்ல இழுத்தாள். பஞ்சு கரிக்கட்டையாய் வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுப்பு. மூன்றாவது சாம்பல் நிறம். நான்காவது வெள்ளை.

"எரியுதா?"

"இல்ல. ஜில்லுனு இருக்கு" என்று நியாயமாக ஒப்புக்கொண்டார். மனைவிக்கு முகம் மலர்ந்தது.

"அப்போ கையெழுத்து?"

"இரு. இன்னும் பார்க்கவே இல்லையே."

கண்ணாடி மூக்கில் ஏறினால் சட்டம் இடத்தை மறைக்கும். ஏறாவிட்டால் கண் தெரியாது. ஆகவே கைக்கண்ணாடியை மூக்கு இடிக்கும் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். இன்னொரு கையில் பெயின்ட் நிறங்களை நம்பர் போட்டு வரிசைப்படுத்திய கம்பெனி ஷேட் கார்டு. முதலில் கன்னத்தின் அருகே பிடித்தார்: பன்னிரண்டாம் நம்பர், 'வெயில் கோதுமை'. கண்ணின் கீழே பிடித்தார்: நாற்பத்தேழாம் நம்பர், 'மழைக்கால மேகம்'.

"போகல" என்றார்.

"என்னது?"

"மை போகல. கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நிக்குது. நீயே பாரு."

மனைவி பார்த்தாள். மகளும் பார்த்தாள். ஆமாம், பாதி நிலா மாதிரி இரண்டு பக்கமும் கருமை.

"பஞ்சு பூரா வந்திருக்கே!"

"வந்தது கணக்கில்ல. நின்னதுதான் கணக்கு."

மனைவி கறுத்த பஞ்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்பது பேருக்குப் போன மை இவருக்கு மட்டும் ஏன் போகவில்லை? எண்ணெய் குறைந்துவிட்டதோ? ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் இன்னும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுக் கலக்கி வந்தாள். மறுபடி பஞ்சு, மறுபடி முப்பது. இம்முறை பஞ்சு வெள்ளை வெளேரென்று வந்தது.

"பாருங்க, பஞ்சுல ஒண்ணுமே இல்ல!"

"அதான் பயமா இருக்கு" என்றார் பரிசோதகர். "மேல இருந்தா பஞ்சுல வந்திருக்கும். உள்ள இறங்கிடுச்சு. மரப்பலகையில இப்படி ஆகும். பார்த்திருக்கேன்."

மகள் வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொன்னாள். போர்வையை மூடி ஆவி பிடித்தார். துவாரங்கள் திறந்து மை வெளியே வரும் என்பது அவள் வாதம். வெளியே வந்தது வேர்வை. முகம் முழுக்கச் சிவந்ததில் அந்த இரண்டு பாதி நிலாவும் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன.

"ஐம்பத்தொண்ணு" என்றார் ஷேட் கார்டைப் பிடித்து. "நாலு நம்பர் ஏறிடுச்சு."

"விட்டுடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி. குரல் இறங்கியிருந்தது.

விடுகிற ஆளா அவர்? கைவசம் பதினெட்டு வருட வித்தை இருக்கும்போது? குழந்தைக்குப் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்றைத் தேடிப் பிடித்து, திரவத்தில் தோய்த்து, கண்ணின் கீழே கீழே என்று இழுக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மகள் சத்தமாக எண்ணினாள். நூற்றுப் பத்தில் மனைவி பிரஷ்ஷைப் பிடுங்கப் பார்த்தாள். "நடுவுல நிறுத்தினா சோதனை செல்லாது" என்று தள்ளி நின்று தேய்த்தார். இருநூறு முடிந்தபோது கண்ணின் கீழ் தோல் தடித்து, கருமைக்குக் கத்தரிக்காய்ப் பளபளப்பு வந்திருந்தது. அந்த நிறத்துக்கு ஷேட் கார்டில் நம்பரே இல்லை.

மணி மூன்றரை.

"அவர் வந்து உங்க முகத்தைப் பார்த்தா அவ்வளவுதான்" என்றாள் மகள். தன் முகப்பூச்சை எடுத்துக் கருமையின் மேல் தட்டித் தட்டி அப்பினாள். கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வளையம் விழுந்தது. சுண்ணாம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தார்.

"இது வேற கேவலமா இருக்கு. எடு" என்றாள் மனைவி.

அதையும் அதே திரவத்தால்தான் துடைத்தார்கள். முகப்பூச்சு ஒரே இழுப்பில் சுத்தமாகப் போயிற்று. கருமை மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மனைவி தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"என்னங்க, ஒன்பது பேருக்குப் போயிருக்கு. ஒரு கையெழுத்துதானே. போட்டுடுங்களேன்."

அவர் பேனாவை எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. அவளுடைய ஏழு மாதமும் அவருக்குத் தெரியும். எரிந்த கண்ணோடு அவள் குழாயடியில் நின்றதைப் பார்த்திருக்கிறார். போட்டுவிடத்தான் மனசு துடித்தது.

"முடியலம்மா" என்றார். "நாளைக்கு யாராவது ஒரு பொண்ணுக்கு இப்படி நின்னுடுச்சுன்னா? என் பொண்டாட்டி சரக்குங்கிறதுக்காகக் கண்ணை மூடிக்க என்னால முடியாது."

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நீங்க சொல்றதும் சரிதான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே தாழியை அவளே கவிழ்க்க நின்றாள். பரிசோதகர் வாசல்படியில் நின்று, தடுக்கவும் தெரியாமல், உதவவும் தெரியாமல் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ டின்களை நிராகரித்தவருக்கு, நிராகரித்த பிறகு நெஞ்சு வலிப்பது இதுதான் முதல் தடவை.

அழைப்பு மணி அடித்தது.

மகள் கதவைத் திறந்தாள். கடைக்காரர் கையில் பையோடு உள்ளே வந்தார். "என்னம்மா, பத்துப் பேர் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தொட்டி அருகே பாத்திரத்தோடு நின்றவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

பரிசோதகர் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"சார், ஒன்பது பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. பத்தாவது ஆள் நான். எரிச்சல் கிடையாது, நாத்தம் கிடையாது, ஜில்லுனு இருக்கு. ஆனா மை போகல. ஆவி பிடிச்சாச்சு, எண்ணெய் கூட்டியாச்சு, இருநூறு தேய்ப்பு தேய்ச்சாச்சு. நீங்களே என் கண்ணைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

கடைக்காரர் பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். இடது கண், வலது கண், மறுபடி இடது கண். சமையலறையில் மனைவி பாத்திரத்தைச் சாய்க்கத் தொடங்கினாள்.

"கொட்டிடாதீங்கம்மா!" என்று கத்தினார் கடைக்காரர். "மை எல்லாம் எப்பவோ போயிடுச்சு. பன்னெண்டு வருஷமா நான்தான் இவருக்குப் பவர் பார்க்கறேன். கண்ணாடியைக் கழட்டினா சாரோட முகமே இதுதான்!"