புனரமைப்புத் திட்டக்குழுவின் பதினேழாவது கூட்டம்

மனித குலம் எத்தனையோ திட்டங்களைத் தீட்டியிருக்கிறது. ஆனால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் பதினாறு கூட்டங்கள் நடத்திய பெருமை எங்கள் 'பூர்வீக வீட்டு முழுமைப் புனரமைப்புத் திட்டக்குழு' ஒன்றுக்கே உண்டு. தலைவர், என் அண்ணன். தொழில்நுட்ப ஆலோசகர், என் தம்பி. ஒருமுறை மின்விசிறியைக் கழற்றியிருக்கிறான். திரும்ப மாட்டியது வேறொருவர். செயலாளர் அடியேன்.

அக்கா உறுப்பினர் இல்லை. அந்த வீட்டில் குடியிருக்கிறாள், அவ்வளவுதான். அப்பா அம்மா இருந்தவரை அவர்களைப் பார்த்துக்கொண்டாள். இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். நாங்கள் மூவரும் வேறு வீடுகளில் வசிப்பதால் இந்த வீட்டைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிச் சிந்திக்க முடிந்தது.

எங்கள் குடும்பம் ஒழுக்கத்துக்குப் பெயர்போனது, வீடு ஒழுகலுக்கு. மழை பெய்தால் கூடத்தில் மூன்று வாளிகள் வைத்து, நிரம்ப நிரம்ப அக்கா மாற்றுவாள். நாங்கள் கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு விவாதிப்போம்.

மழை நாளில் நடந்த பதினாறாவது கூட்டத்துக்கு ஒரு வடிவமைப்பாளரை அழைத்திருந்தோம். அவர் கண்களை மூடி, உள்ளங்கையைச் சுவரில் பதித்தார்.

"இந்த வீடு அழுதுக்கிட்டு இருக்கு சார்."

"அது ஓதம்" என்றாள் அக்கா. "கையத் துடைச்சுக்கங்க, சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தை விரித்தார். கூடம் இனி 'திறந்த வாழ்வகம்'. சமையலறை, 'சுவைத் தீவு'. அக்காவின் அறை, 'மௌன மண்டபம்'.

"அதுல யாரு மௌனமா இருப்பாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"யாரு வேணும்னாலும் இருக்கலாம் மேடம்."

"நான் எங்க படுத்துக்குவேன்?"

மண்டபம் கட்டுவதற்கு முன்பே மௌனம் வந்துவிட்டது. 'உறுப்பினரல்லாதவர், நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வியை எழுப்பினார்' என்று குறித்துக்கொண்டேன்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "வேலை நடக்கும்போது நீ இங்க இருக்க முடியாதுக்கா. ஒரு பெண்கள் விடுதி பாத்து வச்சிருக்கோம். தற்காலிகமாத்தான்."

"எத்தன நாளைக்கு?"

"முதல் கட்டம் மூணு வருஷம்" என்றான் தம்பி.

"ரெண்டாவது கட்டம்?"

"அது முதல் கட்டத்துக்கு அப்புறம்க்கா."

அக்கா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப நான் எதுக்குப் போகணும்?"

"வீடு ஒழுகுதே! உன் பாதுகாப்புக்குத்தானே சொல்றோம்" என்றார் அண்ணன்.

"ஒழுகுறது மட்டும்தான் காரணமா?"

"அது ஒண்ணேதான்" என்றோம் மூவரும் ஒரே குரலில். எங்கள் குழுவின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அதுதான். அக்கா தலையாட்டிவிட்டு, நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதினேழாவது கூட்டத்தன்று மழை கொட்டித் தீர்த்தது. வழக்கம்போலக் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்தோம். 'மௌன மண்டப'த்தில் ஒலிபெருக்கி வைப்பது பற்றி அரைமணி நேரம் காரசாரமாக விவாதித்தோம். பிறகுதான் அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"அக்கா! வாளி எல்லாம் எங்க?"

"குளியலறையில. வாளி வேற எங்க இருக்கும்?"

"ஒழுகலையே!"

"ஆமா. போன வியாழக்கிழமை கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன். மொட்டைமாடியில தண்ணி போற குழாய் அடைச்சுக் குளம் மாதிரி நின்னிருக்கு. கைய விட்டு எடுத்தாரு. ஒரே சருகு, அப்புறம் ஒரு ரப்பர் பந்து. வெடிப்பையும் பூசிவிட்டாரு. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு."

பந்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சிறுவயதில் அண்ணன் திருடிவிட்டதாகத் தம்பி அழுத பந்து. தம்பி அதை வாஞ்சையோடு எடுத்துக்கொண்டான். அண்ணன் அதைத் தொடவில்லை.

"குழுவைக் கேக்காம நீயா எப்படிச் செய்யலாம்?"

"நீங்க அடுத்த கூட்டத்துக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்." அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒழுகுறது ஒண்ணேதான் காரணம்னு மூணு பேரும் சொன்னீங்க. அப்ப நான் எங்கயும் போக வேணாம். டீ போடட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் வைக்கும் ஓசை கேட்கும்வரை அண்ணன் பொறுத்திருந்தார். பிறகு மேசைமேல் குனிந்தார்.

"இப்ப என்னடா சொல்லி இவள வெளிய அனுப்புறது?"

தம்பி பந்தை உருட்டியபடியே யோசித்தான். "வயரிங் பழசுன்னு சொல்லலாம்."

"எதிர்ப்பு உண்டா?" என்றார் தலைவர்.

சமையலறையிலிருந்து டீ மணம் வந்தது. நான் கையைத் தூக்கவில்லை. 'வயரிங்கின் அபாய நிலை குறித்துக் குழு ஆழ்ந்த கவலை தெரிவித்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அண்ணன் கேட்ட கேள்வியை மட்டும் எழுதாமல் விட்டேன். அதையும் எழுதியிருந்தால் அதற்குப் பெயர் கூட்டக் குறிப்பு அல்ல, வாக்குமூலம்.