நாலு பேட்டரிக்கு நான் வச்ச விருந்து

அன்னைக்கு கிரவுண்டில் இருந்தவர்கள்: என் மகள் சுகன்யா. அவள் காலேஜ் லேப் சார். என் மனைவி அஞ்சலை, கையில் வாட்ச்சோடு. எங்கள் பேட்டரி ரூம் ஃபோர்மேன் பாண்டியண்ணன். ஒரு தெர்மாகோல் விமானம். நாலு பேட்டரி. நான்.

குற்றவாளி கடைசியில் நிற்கிறவன்.

நான் படிச்சது எட்டாவது. நெய்வேலி சுரங்கத்தில் பேட்டரி ரூமில் இருபது வருசமா கான்ட்ராக்ட் வேலை. லாரி, புல்டோசர் எது படுத்தாலும் அதன் பேட்டரி என் கைக்கு வரும். வேலை ரெண்டே ரெண்டு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். ஃபுல் சார்ஜில் வைக்கணும். பாதியில் விட்டால் உள்ளுக்குள்ளேயே வீணாப் போயிடும். என் கையில் ஒரு பேட்டரியும் வயசுக்கு முன்னால் செத்ததில்லை. (வேறு எதைப் பத்தியும் நான் பெருமை பேசுறதில்லை. பேச எதுவும் இல்லை.)

சுகன்யா கடலூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிச்சாள். ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானம் ஒண்ணு செஞ்சாள். கோயம்புத்தூரில் போட்டி. காலேஜில் இருந்து ஒரு ஆள்தான் போகலாம். லேப் சாருக்கு வீடு நெய்வேலி டவுன்ஷிப். "லீவுல எங்க பிளாக் கிரவுண்டுக்கு எடுத்துட்டு வா. அஞ்சு நிமிஷம் மேலே நின்னா நீ போறே. இல்லேன்னா அடுத்த பிள்ளை" என்று சொல்லிட்டார்.

பரீட்சைக்குப் போகும்போது விமானத்தையும் பேட்டரியையும் வீட்டில் வச்சாள்.

"அப்பா, நான் வர நாப்பது நாள் ஆவும். நாலும் பாதி சார்ஜுல இருக்குது. அப்படியே இருக்கட்டும். தொடாதே."

"சரிம்மா" என்றேன். பஸ் ஏத்திவிட்டுத் திரும்பினேன். மனசு கேக்கலை. பாதி சார்ஜ்!

பாண்டியண்ணனிடம் சொன்னேன். அவர் மதுரைக்காரர். பெர்மனென்ட். எனக்கு மேலே பத்து வருச சர்வீஸ்.

"பாதியிலயா விட்டுட்டுப் போச்சு? என்னத்தத்தான் படிக்குதுகளோ! ஃபுல் பண்ணி வையிய்யா" என்றார்.

ரெண்டு நிபுணர்கள் முடிவு பண்ணியாச்சு.

ஒவ்வொண்ணும் சோப்புக் கட்டி அளவு. முதலில் மூடியைத் தேடினேன். திருப்பினேன், கவுத்தேன். மூடியே இல்லை. தண்ணி எங்கே ஊத்துறது? (ஓட்டை போடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். இப்போ நினைச்சாலும் வேர்க்குது.) சரி, சார்ஜாவது போடுவோம். போட்டேன். சிவப்பு லைட் பச்சை ஆச்சு.

அதிலிருந்து தினம் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் நாலையும் சார்ஜில் போடுவேன். பச்சை வந்த பிறகுதான் எனக்குச் சோறு. வெயில் காலம். எங்கள் வூடு தகரக் கூரை.

பத்து நாளில் தடவிப் பார்த்தேன். லேசா உப்பியிருந்தது. தேறிடுச்சு என்று சந்தோசப்பட்டேன்.

"ஏங்க, இது என்னா பூரியாட்டம் உப்பிகினே வருது?" என்றாள் அஞ்சலை.

"சாப்பிட்டா உடம்பு வைக்கத்தான் செய்யும்."

"நீங்களுந்தான் தெனம் சாப்பிடுறீங்க. எங்க வச்சுது?"

மறுநாளும் சார்ஜ் போட்டேன்.

நாப்பதாம் நாள் ஞாயித்துக்கிழமை. சுகன்யா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கிரவுண்டுக்கு வந்தாள். விமானத்தோட காத்திருந்த நான் பேட்டரிப் பையை நீட்டினேன். பிரிச்சாள்.

"அப்பா, என்னா பண்ணே இத?"

"ஒண்ணும் பண்ணலியே. ஃபுல் பண்ணேன்."

"எப்போ?"

"தெனம்."

லேப் சார் ஒண்ணை எடுத்துப் பார்த்தார். மெதுவா கீழே வச்சார். பிறகு நாலடி தள்ளி நின்னுகிட்டார். "இந்த வெயில்ல, ஃபுல் சார்ஜுல, நாப்பது நாளா? இது லித்தியம் பேட்டரி. சும்மா இருக்கும்போது இதப் பாதியிலதாங்க வைக்கணும். செல்லுக்கு மூணு புள்ளி எட்டு வோல்ட். அப்போதான் ரொம்ப நாள் உழைக்கும்."

"பசியோடவா சார்?"

"பசியோடதான்."

நான் பாண்டியண்ணனைப் பார்த்தேன். பாண்டியண்ணன் வானத்தைப் பார்த்தார். அங்கே இன்னும் விமானம் போகலை.

மூணு பேட்டரி விமானத்தின் வயித்துக்குள் நுழையவே இல்லை. நாலாவது கொஞ்சம் ஒல்லி. "இது ஒண்ணுதான் சார் தேறும்" என்று சுகன்யா அதை மாட்டினாள். நேரம் பார்க்கிற வேலை அஞ்சலைக்கு. வாட்ச்சை நம்பாமல் வாய்விட்டே எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

விமானம் ஏறிச்சு. நல்லாத்தான் ஏறிச்சு. இருபதில் நான் மூச்சு விட்டேன். முப்பத்தஞ்சில் சத்தம் இறங்கிச்சு, தொண்டை கட்டின ஆள் மாதிரி. நாப்பத்தொண்ணில் விசிறி நின்னுபோச்சு. சுகன்யா ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். விமானம் கருவேலம் புதரில் இறங்கி ரெக்கையை ஒடிச்சுகிச்சு.

"நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு..."

"போதும் தங்கச்சி" என்றார் பாண்டியண்ணன்.

பேரை அன்னைக்கே அனுப்பணுமாம். அடுத்த பிள்ளை பேர் போச்சு. சார் என்னைத் திட்டலை. திட்டியிருக்கலாம்.

குறிஞ்சிப்பாடியில் இருக்கிற எங்கள் வூட்டுக்கு வண்டியில் திரும்பினோம். வாசலில் இறங்கும்போது சுகன்யா சொன்னாள்: "சோறு போட்டே கொன்னுட்டியேப்பா."

அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

அடுத்த வருசம் அவள் கோயம்புத்தூர் போனாள். புது பேட்டரி எல்லாம் பெட்டியில். பூட்டு வேறே. சாவி அவள் அம்மா முந்தானையில்.

எனக்கு இன்னும் விளங்கலை. ரூமில் ஃபுல்லா வைக்கணும், வூட்டில் பாதியா வைக்கணும். ரெண்டும் பேட்டரிதானே? பாண்டியண்ணனிடம் கேட்டேன். அவர் ரிட்டையர் ஆயிட்டாராம், அவரைக் கேக்கக் கூடாதாம்.

இப்போ வூட்டில் நான் எதை ரிப்பேர் பண்ணக் கை வச்சாலும் அஞ்சலை வேலையை விட்டுட்டு எண்ண ஆரம்பிச்சுடுவாள். சுகன்யா கூடச் சேர்ந்துக்குவாள். அன்னைக்கு கிரவுண்டில் இல்லாத மருமகனும் கத்துகிட்டார். போன வாரம் மிக்சியைத் திறந்தேன். மூணு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். நிறுத்துற இடம் எப்பவும் ஒண்ணுதான்.

நாப்பத்தொண்ணு.